திமிர்: ஒரு மீனின் நரம்பும் பருத்திக்காட்டு உடம்பும்

1

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் ‘மருந்து’ என்கிற சொல்லுக்கு ரெண்டு வேலை. ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் மருந்து, பருத்திக்கு அடிப்பதும் மருந்து. ‘மருந்து வாங்கப் போயிருக்காரு’ என்றால் யாரும் கவலைப்படுவதில்லை. ‘மருந்து குடிச்சிட்டாரு’ என்றால் தெருவே ஓடும். காப்பதும் கொல்வதும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பதைப் பற்றி, பிளேட்டோவின் ‘ஃபார்மகான்’ என்ற சொல்லை முன்வைத்து தெரிதா 1968இல் எழுதிய நீண்ட கட்டுரை சிறுபத்திரிகை வாசகர்களுக்குப் பழக்கமானதுதான். அதற்காக ஏதென்ஸ்வரை போக வேண்டியதில்லை, வேப்பந்தட்டைப் பக்கம் ஓர் உரக்கடை வாசலில் கால்மணி நேரம் நின்றாலே போதும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆனால் சொல்லின் இரட்டைத்தன்மையோடு நின்றுவிடுவது எழுதுகிறவர்களுக்கு வசதியான காரியம். அந்தப் பொருள் உடம்புக்குள் போய் எந்த இடத்தில் எதை நிறுத்துகிறது, நின்றுபோனது திரும்ப எத்தனை நாளாகும் என்பது தெரிந்தால்தான் 2017இல் நடந்ததைப் பற்றிப் பேச முடியும். அந்த வருஷம் பருத்திப் பருவத்தில் பெரம்பலூர் மாவட்டத்தில் மருந்தடித்தவர்கள் பலர் மயங்கி ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டார்கள், சிலர் இறந்தும்போனார்கள். அதே பருவத்தில் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் செத்தவர்கள் 20 பேருக்கும் மேல். அப்போது செய்தியானது. பிறகு அடுத்த பருவம் வந்தது, மறுபடியும் மருந்தடித்தார்கள்.

இதை விளக்க நான் ஒரு மீனின் வழியாகப் போகிறேன். சுற்றுவழி மாதிரித் தெரியும். ஆனால் நரம்பு எப்படிப் பேசுகிறது, பேசியதை எப்படித் துடைக்கிறது, மறுபடி பேச எப்படித் தயாராகிறது என்பதில் கணிசமான பகுதியை விஞ்ஞானம் கற்றுக்கொண்டது இந்த மீனிடமிருந்துதான். நம்முடைய காடுகளில் அடிக்கப்படும் மருந்து கைவைப்பதும் சரியாக அந்த இடத்தில்தான்.

2

மீன், மின் திருக்கை. பிளேட்டோவின் ‘மெனோ’ உரையாடலில் சாக்ரடீசோடு பேசிப்பேசி வாயடைத்துப்போன மெனோ, ‘நீ அந்தத் தட்டை மீன் மாதிரி இருக்கிறாய், தொட்டவனை மரத்துப்போக வைக்கிறாய்’ என்கிற பொருளில் அலுத்துக்கொள்கிறான். கிரேக்கத்தில் அந்த மீனின் பெயர் ‘நார்கே’. மரத்துப்போதல் என்று அர்த்தம். ‘நார்க்காட்டிக்’ என்கிற மருந்துக்கடைச் சொல்லுக்கும் வேர் அதுதான். மின் திருக்கைகளில் ஒரு பேரினத்துக்கே ‘நார்சினே’ என்று பெயர். அதில் நம் வங்கக் கடலில் வலையில் விழுகிற ஒரு சிற்றினம் ‘நார்சினே திம்லெய்’. ப்ளாக், ஷ்னைடர் என்ற ஜெர்மானியர்களின் நூலில் 1801இல் விவரிக்கப்பட்டது. விவரத்துக்கான மீன் தரங்கம்பாடியைச் சேர்ந்தது. ‘திம்லெய்’ என்று படிக்கும்போது எனக்கு நம்முடைய ‘திமிர்’ கேட்கிறது. திமிர் என்றாலும் மரத்துப்போதல்தான், திமிர்வாதம் என்கிறோம் இல்லையா. இன்னொரு பொருளில் அது ஆணவம். கூலியைக் கூட்டிக் கேட்கிறவனைப் பார்த்து மேலேயிருந்து வீசப்படும் வசவு. இந்த ரெண்டாவது திமிருக்குப் பிறகு வருகிறேன்.

மீனின் தலைக்கு இரண்டு பக்கமும் சிறுநீரக வடிவில் இரண்டு மின்னுறுப்புகள் உண்டு. கருவில் அவை தசையாக உருவாகத் தொடங்கி, சுருங்கி விரிகிற வேலையைக் கைவிட்டவை. உள்ளே தட்டையான செல்கள், இட்லித் தட்டுகள் மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கும். அந்த மாதிரி அடுக்குகள் பக்கம்பக்கமாக நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒரு தட்டு தருவது 0.1 வோல்ட்டுக்கும் குறைவு. எல்லாத் தட்டுகளும் ஒரே கணத்தில் இயங்கும்போது பத்துக்கணக்கான வோல்ட் சேர்கிறது. மணலுக்குள் புதைந்து கிடக்கும் மீன் இதைக்கொண்டு இரையை உறையவைக்கிறது.

தட்டின் ஒரு முகத்தில் மட்டும் நரம்பு முனைகள் மொய்த்துக்கிடக்கும். அந்த முனைகள் வெளியேற்றும் பொருள் அசிட்டைல்கோலின். நம் கைகால் தசைகளில் நரம்பு வந்து தொடுகிற இடத்தில் வெளியாவதும் இதேதான். வித்தியாசம் அளவில் இருக்கிறது. நம் தசையில் இந்தத் தொடுமிடம் ஒரு புள்ளி. கிலோக் கணக்கில் தசையை அரைத்தாலும் ஆய்வுக்குத் தேறுவது சொற்பம். மீனின் மின்னுறுப்போ கிட்டத்தட்டத் தொடுமிடங்களால் மட்டுமே ஆனது. இயற்கை ஒரு புள்ளியை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதிவைத்தது மாதிரி.

நடப்பது இது. மூளையிலிருந்து கிளம்பிய மின்துடிப்பு நரம்பு முனைக்கு வந்து சேர்கிறது. முனையின் சவ்வில் கதவுகள் திறந்து கால்சியம் உள்ளே பாய்கிறது. உள்ளே சின்னச்சின்னக் குமிழ்கள் காத்திருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலின் மூலக்கூறுகள். கால்சியம் வந்ததும் சில குமிழ்கள் வெளிச்சவ்வோடு ஒட்டிப் பிளந்து சரக்கைக் கொட்டுகின்றன. நரம்பிலிருந்து தசைக்கு இது இப்படிப் பொட்டலம் பொட்டலமாகவே வருகிறது என்று தவளைத் தசையில் 1950களில் காட்டியவர் பெர்னார்ட் காட்ஸ். அவருக்கு 1970இல் நோபல் கிடைத்தது. வெளியான பொருள் மிகக் குறுகிய இடைவெளியைத் தாண்டி எதிர்முகத்தில் இருக்கும் ஏற்பிகளில் உட்காருகிறது. ஏற்பி திறந்து சோடியம் பாய்கிறது. மின்சாரம் பிறக்கிறது. குமிழின் சவ்வில் இருக்கும் புரதம் ஒன்று 1988இல் இனங்காணப்பட்டதும், இந்த ஏற்பியின் கட்டமைப்பு 1980களில் வாசிக்கப்பட்டதும் மின் திருக்கையில்தான்.

3

பள்ளிக்கூடப் பாடம் பெரும்பாலும் இதோடு நின்றுவிடும். நரம்பு ஒரு டெலிபோன் கம்பி, செய்தி போய்ச் சேர்ந்தாச்சு, கதை முடிந்தது. செய்தி போய்ச் சேர்ந்த பிறகு என்ன ஆகிறது என்று கேட்டால்தான் விஷயம் ஆரம்பிக்கிறது.

அசிட்டைல்கோலின் ஏற்பியில் உட்கார்ந்தபடியே இருந்தால் அடுத்த செய்திக்கு இடமில்லை. தசை இழுத்தது இழுத்தபடி நிற்கும். ஆகவே அதே இடைவெளியில் ஒரு நொதி காத்திருக்கிறது. அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்று பெயர். ‘துடைப்பி’ என்று வைத்துக்கொள்வோம். அது அசிட்டைல்கோலினை கோலின், அசிட்டேட் என்று இரண்டாக வெட்டிப்போடுகிறது. ஒரு துடைப்பி ஒரு நொடியில் பல ஆயிரம் மூலக்கூறுகளை வெட்டும். உடம்பில் மிக வேகமான நொதிகளில் இது ஒன்று. கொஞ்சம் யோசித்தால், நரம்பில் ஒரு செய்தி செய்தியாக இருப்பதற்கே அது உடனுக்குடன் அழிக்கப்பட வேண்டியிருக்கிறது. சொல்லுதலின் பாதி துடைத்தல்.

இதை மின் திருக்கையில் கண்டவர் டேவிட் நாக்மன்சோன், ஜெர்மனியில் வளர்ந்த யூதர். 1933இல் ஹிட்லர் வந்ததும் பாரிசுக்கு வெளியேறினார். பிரான்சின் ஆர்க்கஷோன் கடற்கரை நிலையத்திலிருந்து கிடைத்த மின் திருக்கைகளில் துடைப்பியின் அளவைப் பார்த்து அவர் அசந்துபோனார். பெரும்பகுதி தண்ணீராக இருக்கும் மின்னுறுப்பு, ஒரு கிலோ எடுத்தால், ஒரு மணி நேரத்தில் 3 முதல் 4 கிலோ அசிட்டைல்கோலினை வெட்டிவிடக்கூடியது என்று கணக்குச் சொன்னார். அதே கடற்கரையில் 1939இல் ஃபெல்ட்பெர்க், ஃபெசார் இருவரோடும் சேர்ந்து, இந்த மீனின் மின்சாரத்துக்கு அசிட்டைல்கோலின்தான் தூது என்று நிறுவினார். ஃபெல்ட்பெர்க்கும் 1933இல் ஜெர்மனியிலிருந்து துரத்தப்பட்ட யூதர்தான்.

இவர்கள் விட்டுவந்த ஜெர்மனியில், ஐ.ஜி. ஃபார்பன் கம்பெனியில், கெர்ஹார்ட் ஷ்ரேடர் என்கிற வேதியியலாளர் பூச்சிகொல்லி தேடிக்கொண்டிருந்தார். 1936இல் அவர் கையில் பிறந்த ஒரு பாஸ்பரஸ் சேர்மம் பூச்சியோடு மனிதனையும் கொன்றது. அது ‘டாபுன்’ ஆனது, 1938இல் ‘சாரின்’ வந்தது, ராணுவம் எடுத்துக்கொண்டது. யுத்தத்துக்குப் பிறகு அதே வம்சத்தின் வீரியம் குறைந்த பிள்ளைகள் வயலுக்கு வந்தன. பாரத்தியான், மானோகுரோட்டபாஸ், குளோர்பைரிபாஸ், புரோபெனபாஸ்: நம் உரக்கடை அலமாரிப் பெயர்களில் ‘பாஸ்’ என்று முடிகிறவற்றின் பரம்பரை இது. துரத்தப்பட்டவர்கள் துடைப்பியைக் கண்டெடுத்த அதே பத்தாண்டில், துரத்திய நாட்டின் தொழிற்சாலை அதை அடைக்கிற பொருளை உற்பத்தி செய்தது. அறிவு, அதிகாரம் என்று நாம் பேசுவதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணத்தை நான் பார்த்ததில்லை.

அடைப்பது எப்படி? துடைப்பியின் நடுவில் ஓர் ஆழமான குடைவு இருக்கிறது. 1991இல் அதன் உருவத்தை வரைந்ததும் மின் திருக்கையின் நொதியை வைத்துத்தான். அசிட்டைல்கோலின் அந்தக் குடைவுக்குள் விழுந்து, வெட்டுப்பட்டு, ஒரு மில்லி நொடிக்குள் வெளியேறிவிடும். ‘பாஸ்’ உள்ளே போனால் பாஸ்பரஸ் பகுதி அடியில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கும். சில மணி நேரமோ சில நாளோ போனால் அந்தப் பிணைப்பு ‘மூப்படைந்து’ இறுகிவிடும். அப்புறம் அந்தத் துடைப்பி செத்ததுதான். மானோகுரோட்டபாஸ் வகையில் பாதித் துடைப்பிகள் மூப்படைய 4 மணி நேரம்கூட ஆகாது. குளோர்பைரிபாஸ் வகையில் ஒன்றரை நாள் போல ஆகும். குன்னம் பக்கத்துக் காட்டிலிருந்து ஓர் ஆள் பெரம்பலூர் பெரியாஸ்பத்திரி வந்துசேர எடுக்கும் நேரத்தை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

மூப்படைவதற்கு முன்னால் பாஸ்பரசைப் பிடுங்கியெறியும் மருந்து ஒன்று உண்டு. நாக்மன்சோன் பின்னாளில் வேலைசெய்த கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இர்வின் வில்சன் 1955இல் கண்டது, பிராலிடாக்சிம். நம்முடைய டாக்டர்கள் ‘பாம்’ என்பார்கள். இதற்கான ஆராய்ச்சி மின் விலாங்கின் நொதியை வைத்து நடந்தது. ஆய்வுக்குழாயில் தெளிவாக வேலைசெய்கிற இந்த மருந்து மனித உடம்பில் அவ்வளவு தெளிவாக இல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1990களில் நடந்த சோதனையில் பயன் தெரியவில்லை. 2006இல் வெளிவந்த பாராமதி ஆய்வில் அதிக அளவில் தொடர்ந்து கொடுத்தபோது பயன் தெரிந்தது. 2009இல் வெளிவந்த இலங்கை ஆய்வில் மறுபடி தெரியவில்லை. உறுதியாகக் கைகொடுப்பது அட்ரோபின். நம் ஊர் வேலியோரத்து ஊமத்தையில் இருக்கிற விஷங்களில் ஒன்று அது. விஷமே மருந்து என்கிற பழைய கதைதான்.

4

இனி, மீள்வது பற்றி. எனக்கு முக்கியமாகப்படுவது இதுதான்.

குமிழ் கொட்டிவிட்டது, துடைப்பி வெட்டிவிட்டது. நரம்பு முனை காலியாகிவிடாதா? ஆகாமல் இருப்பதற்கு ஒரு மறுசுழற்சி நடக்கிறது. வெட்டுப்பட்ட கோலினை முனை திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. உள்ளே இன்னொரு நொதி அதோடு அசிட்டைலைச் சேர்த்துப் புதிய சரக்கு செய்கிறது. வெளிச்சவ்வோடு கலந்துவிட்ட குமிழின் சவ்வும் வீணாவதில்லை. உள்மடிந்து மறுபடி குமிழாகிறது. பிறகு சக்தி செலவழித்து அந்தக் குமிழை நிரப்ப வேண்டும். எதுவும் சும்மா வருவதில்லை.

1970களில் ஜெர்மனியின் கோட்டிங்கனில் விக்டர் விட்டேக்கரும் ஹெர்பர்ட் ஸிம்மர்மனும் மின் திருக்கையின் நரம்பை அது களைத்து ஓயும்வரை தூண்டிப் பார்த்தார்கள். குமிழ்களின் எண்ணிக்கை குறைந்தது, மிஞ்சியவற்றிலும் சரக்கு குறைந்தது. பிறகு மீனை ஓய்வில் விட்டுக் கவனித்தார்கள். 1974இல் வெளிவந்த அவர்கள் முடிவு: எல்லாம் ஒரே வேகத்தில் மீள்வதில்லை. மின்வீச்சு, குமிழின் எண்ணிக்கை, உள்ளிருக்கும் சரக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காலக்கணக்கு. ஒன்று திரும்பிவிட்டதால் மற்றதும் திரும்பிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. மறுசுழற்சியில் வந்த குமிழ்கள் சற்றே சிறியவை, அடர்த்தியானவை, புதுச் சரக்கை முதலில் எடுத்துக்கொள்பவை என்பதையும் பின்னர் கண்டார்கள். ஜெனீவாவில் துனாவும் பாரிஸ் பக்கத்தில் இஸ்ராயேலும் இதையெல்லாம் வேறு மாதிரி வாசித்தார்கள். சரக்கு குமிழிலிருந்து அல்ல, முனையின் உள்திரவத்திலிருந்து நேராக வெளியேறுகிறது என்பது அவர்கள் கட்சி. இன்று குமிழ்க் கட்சியே நிலைத்திருக்கிறது. இந்தச் சண்டையிலும் இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டது ஒன்று: வெளியேற்றமும் மீட்பும் வெவ்வேறு வேகம் கொண்டவை. வெளியேற்றம் மில்லி நொடியில் நடக்கும். முழு மீட்புக்கு மணிகளும் நாட்களும் வேண்டும். மணலில் புதைந்து கிடக்கும் மீனுக்கு அந்த நாட்கள் கிடைக்கின்றன.

5

பருத்திக் காட்டுக்கு வருவோம். ஆள் உயரச் செடி, முதுகில் டேங்கு, பல இடங்களில் கூலியும் டேங்குக் கணக்கில். காற்றில்லாத உச்சிவேளையில் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கிடக்கும். ‘பாஸ்’ வகை விஷம் மூக்கு வழியாக மட்டும் போவதில்லை, தோல் வழியாகவும் தாராளமாகப் போகும். ஒரே டேங்கில் ரெண்டு மூன்று மருந்தைக் கலப்பதும் உண்டு, அவற்றில் சில வேறு விதமாக வேலைசெய்பவை. எல்லாச் சாவையும் ஒரே நொதியின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் கண்மணி புள்ளியாகச் சுருங்கி, பார்வை மங்கி, எச்சில் வடிந்து, வேர்த்துக்கொட்டி, தசை துடித்து, கடைசியில் மூச்சுத் தசையே ஓய்ந்துபோகிறது என்றால் அது துடைப்பி இல்லாத நரம்பின் நிலை. செய்தி அழியாமல் தேங்கித் தேங்கி, முதலில் துடிப்பு, பிறகு மரத்துப்போதல். திமிர்.

இது முற்றிய நிலை. அதற்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு நிலை இருக்கிறது. மூப்படைந்த துடைப்பிக்குப் பதிலாக உடம்பு புதியது செய்தாக வேண்டும். ரத்தச் சிவப்பணுக்களிலும் இதே நொதி உண்டு; அது புது அணுக்கள் பிறக்கும் வேகத்தில்தான் திரும்பும், நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 விழுக்காடு. இன்றைக்கு அடித்து, நாலு நாள் கழித்து அடுத்த காட்டில் அடித்து, அடுத்த வாரம் இன்னொரு காட்டில் அடிக்கிறவரின் உடம்பில் துடைப்பி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைகிறது. இடையில் திரும்புவதோ சொற்பம். அறிகுறி ஒன்றும் இருக்காது. ‘லேசாத் தல சுத்துச்சுங்க, மோரு குடிச்சேன், சரியாப்போச்சு’ என்பது எங்கள் பக்கத்தில் சாதாரணமாகக் காதில் விழுகிற பேச்சு. தலைச்சுற்றல் சரியாகிவிட்டது, உண்மைதான். துடைப்பி சரியாகவில்லை. மீனில் பார்த்தோமே, ஒன்று மீண்டதை வைத்து மற்றது மீண்டதாக நினைக்க முடியாது. அப்புறம் ஒருநாள் வழக்கமான அளவே அடித்து ஓர் ஆள் விழுவார். ‘எப்பவும் அடிக்கிறவன்தானே, அன்னிக்கு மட்டும் என்ன ஆச்சு?’ என்று ஊர் கேட்கும். அன்றைக்கு மட்டும் எதுவும் ஆகவில்லை என்பதே பதில்.

இந்த மாதிரிச் சாவுகளுக்குப் பிறகு வழக்கமாக வரும் விளக்கம் ஒன்று இருக்கிறது: மாஸ்க் போடவில்லை, கையுறை போடவில்லை, சொன்னால் கேட்பதில்லை, எல்லாம் ‘திமிர்’. உடம்பு மரத்துப்போனதற்கும், மரத்துப்போனவன்மேல் பழிபோடுவதற்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. ஐப்பசி வெயில் புழுக்கத்தில் ரப்பர் உடுப்போடு ஆளுயரச் செடிக்குள் நாள்பூராவும் நடக்கச் சொல்கிறவர் ஒருதரம் நடந்து பார்க்கலாம். பாதுகாப்பு உடுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உடுப்பைப் பற்றி மட்டுமே பேசும்போது, பிரச்சினை தனிமனிதனின் ஒழுக்கமாகச் சுருங்கி, நாட்களைப் பற்றிய கேள்வி காணாமல் போகிறது. இரண்டு மருந்தடிப்புக்கு நடுவில் அந்த உடம்புக்கு எத்தனை நாள் கொடுக்கப்பட்டது? அந்த நாட்களுக்குக் கூலி யார் தருவார்?

6

இது புதுசாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமும் இல்லை. துடைப்பியின் அளவை ஒரு ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். கலிபோர்னியாவில் இந்த மருந்துகளைத் தொடர்ந்து கையாளும் தொழிலாளர்களுக்கு 1974இலிருந்து இது நடக்கிறது. பருவத்துக்கு முன்னால் அடிப்படை அளவு எடுத்துக்கொள்வார்கள். அதில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் வேலைமுறையை ஆராய வேண்டும். சிவப்பணு நொதி 70 விழுக்காட்டுக்கு இறங்கினால், அளவு திரும்பும்வரை அந்த ஆளை இந்த வேலையிலிருந்து விலக்க வேண்டும்.

கலிபோர்னியாவுக்கு அதற்கு 3 வருஷம் முன்னாலேயே நம்மிடம் எழுத்தில் இருக்கிறது. 1968இன் பூச்சிகொல்லிச் சட்டத்தின்கீழ் 1971இல் வந்த விதிகளில் 37ஆவது விதி, பூச்சிகொல்லி தயாரிப்பவர்களோடு தெளிப்பு வேலையில் இருப்பவர்களையும் சேர்த்தே, வேலைக்கு எடுக்குமுன்னும் பிறகு காலாண்டுக்கு ஒருமுறையாவதும் மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்கிறது. ‘பாஸ்’ வகையோடு வேலைசெய்பவர்களுக்கு மாதம் ஒருமுறையாவது ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவு பார்க்க வேண்டும் என்கிறது. கூலிக்கு டேங்கு சுமக்கிற எவரும் தனக்கு இப்படி ரத்தம் எடுத்ததாகச் சொல்லி நான் கேட்டதில்லை. தொழிற்சாலைக்கு முதலாளி உண்டு, பதிவேடு உண்டு. இன்றைக்கு ஒருவர் காட்டில், நாளைக்கு வேறொருவர் காட்டில் அடிக்கிறவருக்கு ‘வேலைக்கு எடுத்தவர்’ யார்? விதி யாரைப் பார்த்துப் பேசுகிறதோ அந்த ஆளே நம்முடைய விவசாயத்தில் இல்லை. சட்டம் மீறப்படுகிறது என்றுகூடச் சொல்ல முடியாதபடி அது காற்றில் தொங்குகிறது.

தடைகள் கொஞ்சம் வந்திருக்கின்றன. தமிழக அரசு மானோகுரோட்டபாஸ், புரோபெனபாஸ், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட 6 மருந்துகளை 2023 தொடக்கத்தில் 60 நாளைக்குத் தடைசெய்தது. தற்கொலைகளைக் குறைப்பது நோக்கம். மானோகுரோட்டபாசின் 36 விழுக்காட்டுக் கரைசலை நிறுத்த ஒன்றிய அரசு 2023இல் ஆணையிட்டது, கையிருப்பைத் தீர்க்க அவகாசம் கொடுத்து. இலங்கை அதே மருந்தை 1995இலேயே நிறுத்தி, பின்னர் தற்கொலைச் சாவுகள் வெகுவாகக் குறைந்ததைக் கண்டது. தடை தேவை. ஆனால் ஒரு ‘பாஸ்’ போனால் இன்னொரு பெயரில் இன்னொரு ‘பாஸ்’ அலமாரிக்கு வருகிறது. குடிக்கிறவரைத் தடை காப்பாற்றலாம்; அடிக்கிறவரின் துடைப்பியை யாரும் எண்ணுவதில்லை.

ஆகவே நம் பகுதி விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் உடனே கையிலெடுக்கக்கூடிய கோரிக்கை என்று எனக்குப் படுவது எளிமையானது. பருத்திப் பருவத்துக்கு முன்னால், மருந்தடிக்கிறவர்கள் பட்டியலை ஊராட்சி எடுக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர்களுடைய அடிப்படை அளவைப் பார்த்து ஒரு அட்டையில் எழுதிக் கொடுக்கட்டும். பருவம் முடியும்வரை மாதம் ஒருமுறை பார்க்கட்டும். அளவு இறங்கியவருக்கு மருந்தடிப்பு இல்லாத வேலையோ, அந்த நாட்களுக்கான கூலியோ கிடைக்கட்டும். முதலாளி யார் என்று விதி 37 தேடிக்கொண்டிருக்க வேண்டாம், மருந்து விற்றவரிடமும் அரசிடமும் கேட்கலாம். இப்படிக் கேட்டால் திமிர் என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும்.